நடை, கையசைவு, கூட்டம்: அசைவு உளவியல் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் பாடம் எடுக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியிலும் டவுன் டீக்கடையிலும் கேள்வி வந்து விழும். பாதிப் பேர் "என் மனசுல என்ன ஓடுது, சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்கள் கேட்பவை நல்ல கேள்விகள், அதுவும் திரும்பத் திரும்ப வருபவை. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தந்திருக்கிறேன். பின்னால் உள்ள சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

மனோதத்துவம்னா மனசு சரியில்லாதவங்களுக்குப் பாக்குற வைத்தியம்தான? நடக்குறதுக்கும் கை ஆட்டுறதுக்கும் அதுல என்ன சோலி?

வைத்தியம் அதில் ஒரு கிளை. இங்கே நாம் பேசுவது வேறொரு கிளை. ஒருவர் அசைகிறார், இன்னொருவர் பார்க்கிறார், பார்த்தவர் பதிலுக்கு அசைகிறார். இதற்குள் என்னென்ன நடக்கிறது என்று அளந்து பார்ப்பது. வீட்டுக்கு வந்தவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். அவர் கை பட்டு எந்த நொடியில் உங்கள் பிடி தளர்கிறது? முந்தினால் சொம்பு கீழே விழும், பிந்தினால் இழுபறி. "விடு" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தினமும் சரியாக நடக்கிறது.

மூட்டுகளில் ஒட்டும் ஒளிப்பொட்டு, வேகமாகப் படம் பிடிக்கும் கேமரா, கண் எங்கே போகிறது என்று பதியும் கருவி, சில சமயம் மூளை ஸ்கேன் என்று சாமான்கள் உண்டு. நல்ல சோதனைகள் பலவற்றுக்கு ஒரு கயிறோ கதவோ போதுமானதாக இருந்திருக்கிறது. கீழே பார்ப்பீர்கள்.

பொழுது அடைஞ்ச பொறவு வரப்புல தூரத்துல வர்ற ஆளுக்கு முகமே தெரியாது. ஆனா "அது எங்க பெரியப்பா"ன்னு சொல்லிருதேன். நடையை வச்சா சொல்லுதேன்?

நடைக்கு அதில் பங்கு உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னர் யோஹான்சன் என்பவர் 1973இல் வெளியிட்ட சோதனைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். ஓர் ஆளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளை வைத்து, சுற்றிலும் கரும் இருட்டாக்கிப் படம் எடுத்தார். ஆள் நின்றபோது பார்த்தவர்களுக்கு அது சிதறிக் கிடந்த புள்ளிக் கூட்டம். ஓர் அடி எடுத்து வைத்ததும் "யாரோ நடக்கிறார்" என்றார்கள். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும் என்று பிறகு அவரே கண்டார். முகம் இல்லை, உடம்பின் வடிவம் இல்லை, வெறும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான்.

சரி, மனிதன் என்று தெரிகிறது. இன்னார் என்று தெரியுமா? 1977இல் அமெரிக்காவில் கட்டிங், கொஸ்லோவ்ஸ்கி இருவரும் ஒருவருக்கொருவர் பழக்கமான ஆறு பேரை இப்படிப் புள்ளிகளாக நடக்கவிட்டு, அவர்களிடமே காட்டி யார் என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஆறில் ஒன்று, அதாவது சுமார் 17 சதவீதம் சரியாக வரும். அவர்கள் சொன்னது 38 சதவீதம் சரி. குத்துமதிப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும், பாதிக்கு மேல் தப்பு என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் நீங்கள் மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? அந்த வரப்பில் அந்த நேரத்துக்கு வரக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான். தோளில் துண்டு, கையில் மண்வெட்டி, கூடவே ஓடி வரும் நாய் எல்லாம் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. அதே பெரியப்பாவை வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் தூரத்தில் பார்த்தால் இதே உறுதி வருமா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

இது பொறக்கும்போதே வாரதா, பாத்துப் பாத்துப் பழகுறதா?

கொஞ்சம் பிறவியிலேயே இருக்கிறது. இத்தாலியின் பதுவா நகரில் பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தைகளுக்கு இதே புள்ளிப் படங்களைக் காட்டினார்கள். முடிவு 2008இல் வெளியானது. தாறுமாறாக அசையும் புள்ளிகளைவிட உயிருள்ளது போல் அசையும் புள்ளிகளையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. அந்தப் புள்ளிகள் மனிதருடையவை கூட இல்லை; நடக்கும் ஒரு கோழியுடையவை. கோழி என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகள்!

பழக்கத்தின் பங்கும் பெரிது. பவன் சின்ஹா என்பவர் 2005 வாக்கில் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம் நம் நாட்டில், பிறவியிலேயே கண்புரை கொண்ட பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்கு வழி செய்து, பார்வை எப்படி உருவாகிறது என்றும் பார்த்தது. பார்வை கிடைத்த புதிதில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு வடிவங்களை அவர்களால் பிரிக்க முடியவில்லை. கோடு வெட்டும் இடமெல்லாம் தனிப்பொருளாகத் தெரிந்தது. அதே வடிவங்களை அசைத்துக் காட்டியதும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். ஒன்றாக அசைவது ஒரே பொருள் என்ற விதியைப் பிடித்துக்கொண்டுதான் கண் மற்றதைக் கற்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது.

தோல்பாவைக் கூத்துல வெறும் தோலு அசையுது, அதுக்குப் போயி அழுதோமே, கோட்டிக்காரத்தனமா இல்ல?

அழுவதற்குத் தோல் கூடத் தேவையில்லை, முக்கோணம் போதும். 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு குட்டிப் படம் செய்தார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி. இவை நகரும், முட்டும், உள்ளே போகும், வெளியே வரும். என்ன பார்த்தீர்கள் என்று 34 மாணவிகளிடம் கேட்டபோது, ஒரே ஒருத்திதான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னாள். மற்றவர்கள் சொன்னது கதை: பெரியவன் அடாவடிக்காரன், சின்னவன் எதிர்த்து நிற்கிறான், வட்டம் பயந்து ஒளிகிறது.

அசைவுக்குள் எண்ணத்தைத் தேடுவது நம் பார்வையின் வழக்கம். பாவைக்கூத்துக்காரர் தலையை அரை விரல் அளவு தாழ்த்தினால் நமக்கு அது வெட்கமாகவோ துக்கமாகவோ தெரிகிறது. அவர் கை அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. நீங்கள் அழுதது நியாயம்.

வில்லுப்பாட்டுல "ஆமா" போடுறவரு எப்படி அச்சு பிசகாம போடுதாரு? முன்னாடியே பேசி வச்சிருப்பாங்களோ?

பாட்டுக்கும் கதைக்கும் பயிற்சி உண்டு. ஆனால் தலைப்பாட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்து அன்றன்றைக்கு இழுத்தும் குறுக்கியும் சொல்வார்; நடுவில் ஊர்க்காரர் ஒருவரைக் கிண்டலடிப்பார். அதற்கும் "ஆமா" சரியான இடத்தில் விழுகிறது. எழுதி வைத்துப் போடக்கூடியது இல்லை இது.

சாதாரணப் பேச்சிலேயே நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம். 2009இல் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும் குறையும். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை ஒற்றை வார்த்தையில் சொல்வதற்கே மனிதனுக்கு 600 மில்லி நொடி பிடிக்கிறது. எதிராளி பேசி முடித்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறோம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. ஆகவே அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் எங்கே முடியும் என்று ஊகித்து, நம் பதிலைத் தயார் செய்து வைத்துக் காத்திருக்கிறோம்.

வில்லுப்பாட்டில் ஊகத்துக்கு உதவி அதிகம். வீசுகோல் ஓங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, குடத்தின் அடி காதில் விழுகிறது, அடி முடியுமுன் குரல் தாழ்கிறது. "ஆமா" போடுகிறவரை ஒரு முறை உற்றுப் பாருங்கள்: வாய் திறக்குமுன்பே அவர் தலை கீழே இறங்கத் தொடங்கியிருக்கும்.

தேர் வடத்தைப் பிடிக்கிறவன்ல பாதிப் பேரு சும்மா கையை வச்சுட்டு வாரான்னு எங்க தாத்தா வைவாரு. உண்மையா?

தாத்தாவின் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். மேக்ஸ் ரிங்கல்மன் ஒரு வேளாண் பொறியாளர். மாடு, மனிதன், யந்திரம் எது எவ்வளவு இழுக்கும் என்று அளந்தவர். அவர் 1913இல் வெளியிட்ட கணக்குப்படி, கயிறு இழுக்கும் கூட்டம் பெரிதாகப் பெரிதாகத் தலைக்கு விழும் இழுப்பு குறைந்துகொண்டே போகிறது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடியதில் பாதி அளவுதான் வந்தது.

ஆனால் அதில் சோம்பலும் இருக்கலாம், ஒத்திசைவுப் பிசகும் இருக்கலாம். ஒருவன் இழுக்கும் நொடியில் அடுத்தவன் மூச்சு வாங்குகிறான். இரண்டையும் பிரிக்க 1974இல் இங்கம் என்பவரின் குழு ஒரு தந்திரம் செய்தது. ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் யாருமே இழுக்கவில்லை. அப்போதும் அவர் இழுப்பு குறைந்தது. பிசகுவதற்குக் கூட இழுக்கும் ஆளே கிடையாது, குறைந்தது மனசுதான். 1979இல் கைதட்டல், கத்தல் இரண்டிலும் இதே கதை என்று லட்டானே குழு காட்டியது. தன் பங்கு தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் சோம்பல் மறைந்துவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தது.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் திருப்பத்தில் நிற்கும்போது கவனியுங்கள். சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களும் கட்டை போடுகிறவர்களும் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். யார் என்ன செய்கிறார் என்பது ஊருக்கே தெரியும். வடத்தின் நடுவில் நிற்கும் நூறாவது ஆள் விஷயம் வேறு. அதே சமயம், சொந்த ஊர், சொந்தச் சாமி என்று ஒட்டுதல் உள்ள கூட்டத்தில் இந்தச் சோம்பல் குறைவு என்றும், கிழக்கு நாடுகளில் செய்த சோதனைகளில் அது சிறிதாகவே இருந்தது என்றும் 1993இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆக, தாத்தா சொல்லும் "பாதி" கொஞ்சம் அதிகம்.

அம்புட்டுக் கூட்டத்துலயும் ஒருத்தன் மேல ஒருத்தன் இடிக்காம போறோமே, அது எப்படி? வெளிநாட்டுக்காரன்னா தள்ளித் தள்ளிப் போறான்.

எதிரெதிரே வரும் இரு கூட்டங்கள், யாரும் சொல்லாமலே, வரிசை வரிசையாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடக்கும். முன்னே போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போவது சுலபம் என்பதால் இந்த வரிசைகள் தாமாக உருவாகின்றன. 2021இல் ஜப்பானியக் குழு ஒன்று 27 பேர் கொண்ட இரண்டு அணிகளை எதிரெதிரே நடக்கவிட்டது. ஒரு அணியின் முன்வரிசையில் மூன்று பேரிடம் மட்டும் கைபேசியைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னது. வரிசை உருவாவதே தாமதமானது. கைபேசி பார்க்காதவர்களின் நடையும் கெட்டது. இடிக்காமல் போவது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் கண்ணை எடுத்தால் மற்றவரின் ஊகமும் போய்விடுகிறது. வில்லுப்பாட்டுக் கேள்விக்குச் சொன்ன அதே ஊகம்தான்.

வெளிநாட்டுக்காரர் பற்றி: 2009இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்தவர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து இரு நாட்டவரையும் ஒற்றை வரிசையாக நடக்கவிட்டு அளந்தார்கள். கூட்டமில்லாதபோது இருவர் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. நெரிசல் ஏற ஏற ஜெர்மானியர் வேகம் சட்டென்று குறைந்தது. நம்மவர்கள் சின்ன இடைவெளியிலேயே சமாளித்து நடந்தார்கள். பாபநாசம் பஸ்ஸில் ஆடி அமாவாசைக்குப் போய் வந்தவர்களுக்கு இது செய்தியே இல்லை.

கும்மி, கோலாட்டம்னு சேந்து ஆடினா ஒத்துமை வரும்னு சொல்லுதாவ. சும்மா பேச்சா?

ஓரளவு நிரூபணம் உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு ஒரே தாளத்தில் விரல் தட்டியவர்களுக்கு, தாளம் தப்பித் தட்டியவர்களைவிட அவரை அதிகம் பிடித்துப்போனது என்று ஒரு சோதனை, சேர்ந்து அடி வைத்து நடந்தவர்கள் பிறகு வந்த கூட்டு விளையாட்டில் அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று இன்னொன்று. இரண்டும் 2009இல் வந்தவை. சோதனைக்கூடத்தில் கிடைத்த சின்ன வித்தியாசங்கள் இவை. வருஷக்கணக்கான வாய்க்கால் தகராறை ஒரு கும்மி தீர்த்துவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நம் பூக்குழிக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற ஊரில் ஜூன் மாதம் தீ மிதிப்பார்கள், பல பேர் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டே. மிதிப்பவர்கள், வேடிக்கை பார்த்த அவர்கள் சொந்தக்காரர்கள், சம்பந்தமில்லாத வெளியூர்க்காரர்கள் என்று மூன்று தரப்புக்கும் இதயத்துடிப்புக் கருவி கட்டினார்கள். மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே சொந்தக்காரரின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூர்க்காரருக்கு அப்படி இல்லை. மகன் பூக்குழி இறங்கும்போது தாய் ஏன் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

எதிர்ல இருக்கவன் காலை ஆட்டுனா நானும் ஆட்டுதேன். கண்ணாடி நரம்புன்னு ஒண்ணு இருக்காமே, அதுனாலயா?

காலாட்டல் உண்மை. 1999இல் சார்ட்ரண்ட், பார்க் இருவரும் நடத்திய சோதனையில், கூட உட்கார்ந்தவர் முகத்தைத் தடவினால் இவரும் தடவினார், அவர் காலாட்டினால் இவரும் ஆட்டினார். கேட்டால் தெரியாது. மறுபுறம், தன் அசைவைப் பின்பற்றியவரைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்ததாகவும் சொன்னார்கள்.

கண்ணாடி நரம்பணு என்பது இத்தாலியின் பார்மா நகரில் 1990களின் தொடக்கத்தில் குரங்கின் மூளையில் கண்டது. குரங்கு தானே ஒன்றை எடுத்தாலும், மனிதன் எடுப்பதைப் பார்த்தாலும் அதே அணு துடித்தது. மனிதர்களிடம், தனக்குத் தெரிந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது மூளையின் அசைவுப் பகுதிகள் அதிகம் வேலை செய்வதைப் பாலே ஆடுகிறவர்களையும், பிரேசில் நாட்டுச் சண்டை ஆட்டமான கபோய்ரா ஆடுகிறவர்களையும் வைத்து 2005இல் காட்டினார்கள். சிலம்பக்காரர் சிலம்பத்தைப் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. அன்பு, இரக்கம், மொழி எல்லாவற்றுக்கும் அந்த அணுதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வருவது மிகை.

பேச்சுல 93 சதவீதம் உடம்புதான் பேசுதுன்னு எங்க கம்பெனி ட்ரெய்னிங்ல சொன்னாங்க. கையைக் கட்டுனா ஒளிக்கிறான், மூக்கைத் தொட்டா பொய்யாம். நம்பலாமா?

நம்ப வேண்டாம். 93 என்ற எண் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது. ஒற்றை வார்த்தையை வெவ்வேறு குரலில் சொல்லி, முகப் படத்தைக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார். வார்த்தை ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால், முகத்தையே அதிகம் நம்பினார்கள். அவ்வளவுதான். அதைப் பேச்சு முழுவதற்கும் நீட்டக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். 93 சதவீதம் உடம்பு பேசுமானால், ஒலியை அணைத்துவிட்டு ஒரு பட்டிமன்றம் பாருங்கள். எந்த அணி ஜெயித்தது என்று சொல்ல முடிகிறதா?

பொய்யைக் கண்டுபிடிப்பது இன்னும் மோசம். 24,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பில், மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் பிரித்தது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50. கையைக் கட்டுபவருக்குக் குளிராக இருக்கலாம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமலும் இருக்கலாம். மேலே பார்த்த சோதனைகள் எல்லாம் இருவருக்கு நடுவே நேரத்தோடு நடப்பதை அளந்தவை. ஒரு சைகைக்கு ஓர் அர்த்தம் என்று அகராதி போடுபவர்கள், அளக்கப்படாத ஒன்றை விற்கிறார்கள்.

இன்டர்வியூக்கு முந்தி ரெண்டு நிமிஷம் இடுப்புல கை வச்சு நெஞ்ச நிமித்தி நின்னா ஹார்மோன் மாறும்னு எங்க அக்கா சொல்லுதா.

அப்படி 2010இல் 42 பேரை வைத்துச் சொன்னார்கள். 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் அசையவில்லை. முதல் கட்டுரையின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னியே அந்த விளைவை இனி நம்பவில்லை என்று 2016இல் அறிவித்துவிட்டார். நின்றால் நஷ்டமில்லை, கொஞ்சம் தைரியம் வந்ததுபோல் இருந்தால் அக்காவுக்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை ஸ்கூல்ல படிச்ச பார்வையில்லாத ஃப்ரெண்டு ஒருத்தன். அவனும் போன்ல கை ஆட்டிக்கிட்டே பேசுதான். யாரைப் பாத்துக் கத்துக்கிட்டான்?

யாரையும் பார்த்து இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகளை வைத்து 1998இல் வந்த ஆய்வு, அவர்களும் பார்வையுள்ளவர்கள் அளவுக்கே கையசைத்துப் பேசுவதைக் காட்டியது. கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தபோதும் அசைத்தார்கள். எதிராளிக்குக் காட்டுவது கையின் வேலைகளில் ஒன்று. பேசுகிறவர் தன் யோசனையைக் கோத்துக்கொள்ளவும் கை உதவுகிறது. போனில் வழி சொல்லும்போது நீங்களும் நானும் "நேரா போயி இந்தப் பக்கம் திரும்பு" என்று காற்றில் திருப்பிக் காட்டுகிறோமே, யாருக்கு?

அதே ஊரில் காது கேளாதோர் பள்ளியும் நூறாண்டுக்கு மேலாக உண்டு. பிறவியில் காது கேளாதவர்கள் ஓரக்கண்ணில் வரும் அசைவை மற்றவர்களைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னால் வருகிற ஆளைச் சத்தம் காட்டிக்கொடுக்காதபோது, கண்ணின் ஓரம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு கூர்மையான கண்ணுன்னா, "பைக்கு வந்ததை நான் பாக்கவே இல்ல"ன்னு விபத்து பண்ணவன் சொல்லுதது பொய்தான?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1999இல் சைமன்ஸ், சாப்ரி இருவரும் காட்டிய படத்தில், பந்தை எத்தனை தடவை கைமாற்றினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவே கொரில்லா வேஷத்தில் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போன ஆளைப் பார்க்கவில்லை. அதற்கு முந்திய வருஷம் இன்னும் வேடிக்கையான ஒன்று. வளாகத்தில் ஒருவரிடம் வழி கேட்கிறார்கள். நடுவே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறார்கள். கதவு மறைத்த நேரத்தில் வழி கேட்டவரே மாறிவிடுகிறார். வழி சொன்னவர்களில் பாதிப் பேர் அசராமல் புது ஆளுக்குச் சொல்லி முடித்தார்கள். வழி கேட்பவர்கள் கட்டட வேலைக்கார உடையில் வந்தபோது, கண்டுபிடித்த மாணவர்கள் இன்னும் குறைந்தார்கள். 'யாரோ வேலையாள்' என்று முடிவு கட்டிய பிறகு முகத்தைப் பார்ப்பதில்லை. இது கண்ணைப் பற்றிய ஆய்வா, நம்மைப் பற்றியதா என்று எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல்.

பைக் விஷயத்தில் இன்னொன்றும் சேருகிறது. தூரத்தில் வரும் பெரிய பொருள், கிட்டத்தில் வரும் சிறியதைவிட முந்தி வந்து சேரும் என்று கண் தப்பாகக் கணக்குப் போடுகிறது. டெலூசியா 1991இல் காட்டியது. லாரிக்கு நிற்கிறோம், பைக்குக்கு முன்னால் வண்டியைத் திருப்புகிறோம். அவர் பொய் சொல்லவில்லை என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது. அது போலீஸ் சமாச்சாரம்.

எல்லாம் வெள்ளைக்காரன் காலேஜ் பசங்களை வச்சுப் பண்ணதுதான? நாம தலையாட்டுறது அவனுக்கே புரியல. நமக்கு இது எப்படிப் பொருந்தும்?

நியாயமான அடி. 2010இல் ஹென்ரிக் குழுவினர் இதையே உளவியலின் பெரிய ஓட்டையாக எழுதினார்கள்: பணக்கார மேற்கத்திய நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைச் சோதித்துவிட்டு "மனிதன்" என்று எழுதுகிறோம் என்று. புள்ளி நடை, பேச்சு இடைவெளி போன்றவை பல இடங்களில் நிற்கின்றன. நெரிசலில் விடும் இடைவெளி ஊருக்கு ஊர் மாறுவதை மேலேயே பார்த்தோம்.

நம் தலையாட்டல் நல்ல எடுத்துக்காட்டு. பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவதற்குச் "சரி" என்றும், "கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றும், "பாப்போம்" என்றும் பொருள் உண்டு. எது என்பது ஆட்டும் வேகத்திலும், கண் எங்கே இருக்கிறது என்பதிலும், யாருக்கு ஆட்டுகிறோம் என்பதிலும் இருக்கிறது. கடன் கேட்டு வந்தவரிடம் அண்ணாச்சி ஆட்டும் தலையை உள்ளூர்க்காரர் உடனே புரிந்துகொண்டு எழுந்துவிடுவார். இதை இங்கே, இந்தப் பேச்சுகளுக்குள்ளேயே அளக்க நம் பிள்ளைகள் யாராவது வர வேண்டும்.

திரும்பப் பண்ணிப் பாத்தா பாதி வரலையாமே. அப்புறம் எதைத்தான் நம்ப?

பாதிக்கும் மேலே வரவில்லை. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறியது. சமூக உளவியலில் சுமார் கால்வாசி, பார்வை, நினைவு போன்றவற்றில் சுமார் பாதி. நம் தலைப்பிலேயே ஒன்று: முதுமை சம்பந்தமான வார்த்தைகளைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு. 2012இல் பிரஸ்ஸல்ஸில் மனிதக் கையை நம்பாமல் அகச்சிவப்புக் கதிரால் நேரம் அளந்தார்கள், வித்தியாசம் வரவில்லை. சோதனை நடத்துபவரிடம் "மெதுவாகத்தான் நடப்பார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தபோது வந்தது. அதாவது, நடத்துபவரின் எதிர்பார்ப்பை நடப்பவரின் உடம்பு எப்படியோ படித்துவிட்டது. ஆய்வு தோற்ற விதமே இந்தத் துறைக்கு ஒரு பாடமாக இருக்கிறது.

எதை நம்புவது என்றால்: நீங்களே கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடிய புள்ளி நடை, கொரில்லா போன்றவை பலமானவை. "சின்ன விஷயம் செய்தால் பெரிய பலன்" என்று சொல்பவற்றைத் தள்ளி வைத்துப் பாருங்கள். காலாட்டல், சேர்ந்து தட்டல் எல்லாம் நடுவில் நிற்கின்றன.

எங்க தெருவுக்கு வந்து நடக்குறதை வீடியோ எடுக்கணும்னு ரெண்டு பிள்ளைய கேக்குதாவ. முகம் வராதாம், வெறும் புள்ளிதானாம். சரின்னு சொல்லலாமா?

கேட்டுவிட்டுச் சொல்லலாம். "வெறும் புள்ளிதானே" என்பது முழு உத்தரவாதம் இல்லை. புள்ளியை வைத்தே பழகினவர்கள் ஓரளவு ஆளைச் சொன்னதை இரண்டாவது கேள்வியில் பார்த்தோம், கணினி அதைவிடக் கெட்டிக்காரன். ஆகவே பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை காலம், வேறு வேலைக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் சுகாதார ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் உண்டு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தமிழில் விளக்கம், எழுத்தில் சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை ஆகியவை அதில் அடக்கம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் இஷ்டம் கேட்க வேண்டும்.

சில ஆய்வுகளில் உண்மையான நோக்கத்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நடை மாறிவிடும். அது குற்றமில்லை. ஆனால் முடிந்ததும் சொல்லியாக வேண்டும், கேட்ட பிறகு "என் பதிவை அழித்துவிடுங்கள்" என்று நீங்கள் சொன்னால் அழிக்கவும் வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு பிரதியும், அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மோர் கொடுத்து அனுப்பினால் சந்தோஷப்படுவார்கள். வெயிலில் அலைகிற பிள்ளைகள்.